டெரா நோவா: ஒரு துருவக் கப்பலின் பழைய ஒளிப்படங்கள்

டெரா நோவா என்பது 1910 முதல் 1913 வரை கேப்டன் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டின் அண்டார்க்டிகா பயணக்குழுவைச் சுமந்து சென்ற மரக்கப்பல் ஆகும். அக்கப்பலையும் அதைச் சூழ்ந்த பனிக்கடலையும் ஹெர்பர்ட் ஜார்ஜ் பான்டிங் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகடுகளில் ஒளிப்படங்களாகப் பதிவு செய்தார். நூறு ஆண்டுகள் கடந்தும் பாடநூல்களிலும் இணையப் பக்கங்களிலும் கைப்பேசிப் பகிர்வுகளிலும் அப்படங்கள் உலவுகின்றன. ஆனால் பெரும்பாலும் தவறான பெயரில் உலவுகின்றன. டெரா நோவாவின் படத்துக்குக் கீழே "ஷாக்கில்டனின் எண்டூரன்ஸ்" என்றும், எண்டூரன்ஸ் படத்துக்குக் கீழே "ஸ்காட்டின் கப்பல்" என்றும் எழுதியிருப்பதைத் தமிழ்ப் பக்கங்களிலும் காணலாம். மாணவர் ஒருவர் அதை நம்பி ஒப்படைப்பில் ஒட்டினால் படம் ஒரு வரலாற்றையும் எழுத்து வேறொரு வரலாற்றையும் சொல்லும்.

இக்கட்டுரை அப்படங்கள் எப்படி எடுக்கப்பட்டன, அவற்றில் எதை நம்பலாம், எது அவற்றில் இல்லை என்பதைப் பேசுகிறது. இந்தியாவுக்கும் அப்பயணத்துக்கும் இருந்த தொடர்பு நம் பாடநூல்களில் இடம்பெறாத ஒன்று. அதற்குச் சற்று அதிக இடம் தந்திருக்கிறேன்.

கப்பல்

டெரா நோவா 1884ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அலெக்சாண்டர் ஸ்டீபன் அண்ட் சன்ஸ் கட்டுமானத் தளத்தில் கட்டப்பட்டது. திமிங்கில வேட்டைக்கும் சீல் வேட்டைக்கும் என்றே உருவான கப்பல் அது. நீளம் 187 அடி, அதாவது சுமார் 57 மீட்டர். பாய்களோடு நீராவி எந்திரமும் உண்டு. 1903-04இல் பனியில் சிக்கிய டிஸ்கவரி கப்பலை மீட்க மார்னிங் என்ற கப்பலுடன் இதுவும் அனுப்பப்பட்டது. எனவே 1909இல் ஸ்காட் 12,500 பவுண்டு கொடுத்து இதை வாங்கியபோது, கப்பல் அவருக்குப் புதிதல்ல. அவரையே மீட்க வந்த கப்பல்தான்.

1910 ஜூன் 15 அன்று வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. நவம்பர் இறுதியில் நியூசிலாந்தை விட்டுத் தெற்கே திரும்பியபோது அதன் மேல்தளத்தில் கால் வைக்க இடமில்லை. 19 மட்டக் குதிரைகள், முப்பதுக்கும் மேற்பட்ட நாய்கள், மூன்று மோட்டார் சறுக்கு வண்டிகள், நிலக்கரி மூட்டைகள், பெட்ரோல் பெட்டிகள் எல்லாம் அங்கேதான். டிசம்பர் தொடக்கத்தில் பெரும்புயல் தாக்கியது. நிலக்கரித் தூளும் எண்ணெயும் கலந்து நீரிறைக்கும் குழாய்களை அடைத்துவிட, ஆட்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரை வெளியேற்றினார்கள். இரண்டு குதிரைகளும் ஒரு நாயும் மாண்டன; பத்து டன் நிலக்கரி கடலுக்குப் போயிற்று. மூழ்கியிருக்க வேண்டிய கப்பல் பிழைத்தது. பிறகு டிசம்பர் 9 முதல் 30 வரை மிதவைப் பனிக்கட்டிகளுக்கு நடுவே மெல்ல மெல்ல ஊர்ந்து, 1911 ஜனவரி 4 அன்று ராஸ் தீவின் கேப் எவன்ஸ் கரையை அடைந்தது.

படத்தில் டெரா நோவாவை அடையாளம் காண்பது

மூன்று பாய்மரங்கள் இருப்பதைக் கொண்டு முடிவுக்கு வரக்கூடாது. அக்காலத்துத் துருவக் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கும் மூன்று பாய்மரங்களே. பாய்மரத்தின் குறுக்கே கட்டியிருக்கும் நீண்ட சட்டங்களை எண்ண வேண்டும். நம் மரக்கலத் தொழிலில் அவற்றைப் பருமல் என்பர். டெரா நோவாவில் முன் பாய்மரத்திலும் நடுப் பாய்மரத்திலும் பருமல்கள் இருக்கும். பின் பாய்மரத்தில் இருக்காது. எண்டூரன்ஸ் கப்பலில் முன் பாய்மரத்தில் மட்டுமே பருமல்கள். நடுவிலும் பின்னாலும் நீளவாக்கில் கட்டும் பாய்கள்தாம். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தால் இணையத்தில் காணும் படங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை நாமே சரிபார்த்துவிடலாம்.

டிஸ்கவரியுடன் குழம்பினால் இந்த வழி உதவாது. அதுவும் டண்டீயில் கட்டப்பட்டதே, பாய் அமைப்பும் அதே வகை. அங்கே படம் எடுத்தவர் பெயரையும் ஆண்டையும்தான் பார்க்க வேண்டும். 1901-04 என்றால் டிஸ்கவரி. பான்டிங் படம் என்றால் ஐயமின்றி டெரா நோவா. அவர் வேறு துருவக் கப்பல் எதிலும் சென்றதில்லை. பனியில் நசுங்கிச் சாய்ந்து கிடக்கும் கப்பலின் படம் என்றால் அது 1915இல் ஃபிராங்க் ஹர்லி எடுத்த எண்டூரன்ஸ். டெரா நோவா அண்டார்க்டிகாவில் நசுங்கவில்லை. போன ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

பான்டிங்

1870இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பிறந்த பான்டிங் இளமையில் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் சென்று பல தொழில்களில் கைவைத்து, பின்னர் ஒளிப்படத்துக்கு வந்தவர். ரஷ்ய-ஜப்பானியப் போரைப் படம் பிடித்தார். ஜப்பானைப் பற்றி நூல் எழுதினார். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளிலும் சுற்றிப் படமெடுத்தார். வெப்ப நாட்டு வெளிச்சத்தில் பழகிய கண்தான் பின்னர் பனியைப் பார்த்தது. தம்மை "கேமரா கலைஞர்" என்று அழைத்துக்கொள்வதையே அவர் விரும்பினார். ஸ்காட் குழுவில் முழுநேர ஒளிப்படக்காரர் என்ற பொறுப்புடன் சேர்ந்தபோது அவருக்கு வயது 40.

அவர் கையாண்டவை பெரும்பாலும் கண்ணாடித் தகடுகள். இன்றைய மாணவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். மெல்லிய கண்ணாடியின் ஒரு பக்கத்தில் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு இருக்கும். கேமராவுக்குள் அதன்மேல் ஒளி பட்டதும் கண்ணுக்குத் தெரியாத உருவம் பதியும். பிறகு இருட்டறையில் ரசாயனத்தில் கழுவினால் உருவம் வெளிப்படும். ஹைப்போவில் இட்டால் நிலைபெறும். கடைசியில் நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும். எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் பிற்காலத்திலும் பிலிமை "கழுவக் கொடுப்பது" என்றுதான் சொல்வோம். திண்டுக்கல்லில் இதற்குத் தண்ணீர் தட்டுப்பாடு வரலாம். கேப் எவன்ஸில் சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் எல்லாம் பனிக்கட்டி. ஒவ்வொரு சொட்டையும் அடுப்பில் உருக்கியாக வேண்டும்.

குளிரில் கேமராவே எதிரியாயிற்று. உலோகப் பகுதிகளில் உள்ள எண்ணெய் உறையும். வெளியிலிருந்து அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி முழுவதும் நீர் பூத்து உறைந்துவிடும். ஒருமுறை படத்தின் கூர்மையைச் சரிசெய்யும்போது பான்டிங்கின் நாக்கு நுனி கேமராவின் உலோகத்தில் பட்டு ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் உரிந்தது. இதை 1921இல் வெளியான தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார். குடிலில் அவருக்கென ஒரு சிறு இருட்டறை இருந்தது. அவர் தூங்கியதும் அங்கேதான்.

கப்பலிலும் ஓர் இருட்டறை இருந்தது. புயலின்போது கடற்கோளாறால் வாடிய பான்டிங், ஒரு கையில் தகடு கழுவும் தட்டையும் மறு கையில் வாந்தி எடுக்கும் கிண்ணத்தையும் பிடித்தபடி வேலையை விடாமல் செய்ததாக ஸ்காட் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். வீரம் என்றால் மலையுச்சியில் கொடி நடுவது மட்டுமே என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இந்த நிகழ்ச்சியைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பின் கேள்விகள் கேட்பார்கள்.

மூன்று படங்கள்

முதலாவது, மிதவைப் பனியில் கப்பல். 1910 டிசம்பரில் கப்பலின் மூக்கு பனிக்கட்டியைப் பிளந்து செல்வதைச் சலனப்படமாக எடுக்க பான்டிங் விரும்பினார். தளத்தில் நின்றால் அது தெரியாது. எனவே கப்பலின் பக்கவாட்டில் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி பலகைகளைக் கட்டச் செய்து, அவற்றின் நுனியில் படுத்துக்கொண்டு, கேமராவை இரு கைகளாலும் பற்றியபடி படமெடுத்தார். கப்பல் பனிக்கட்டியில் மோதும் ஒவ்வொரு முறையும் பலகை குலுங்கும். அவர் விழுந்தாலும் கேமரா போய்விடுமே என்பதுதான் பெரிய கவலையாக இருந்திருக்கும் போலும்.

இரண்டாவது, உலகப் புகழ்பெற்ற பனிக்குகைப் படம். 1911 ஜனவரி 5ஆம் நாள், அதாவது கரை சேர்ந்த மறுநாள், கப்பலிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் நின்ற பனிப்பாறை ஒன்றில் குகை இருப்பதைக் கண்டார். உள்ளே போய்ப் பார்த்தால் குகை வாயில் ஒரு சட்டம்போல் அமைந்து, அதன் நடுவே தூரத்தில் டெரா நோவா தெரிகிறது. புவியியலாளர் கிரிஃபித் டெய்லரையும் இயற்பியலாளர் சார்லஸ் ரைட்டையும் உள்ளே நிறுத்தி எடுத்த படம் ஒன்று. ஆட்கள் இல்லாமல் எடுத்தது மற்றொன்று. இரண்டும் புழக்கத்தில் உள்ளன.

இப்படத்தைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டியது: இது தற்செயலாகக் கிடைத்த காட்சியா, அமைக்கப்பட்ட காட்சியா? குகை உண்மை. கப்பல் உண்மை. ஆனால் அந்த இருவரும் அங்கே தற்செயலாக நிற்கவில்லை. குகையின் அளவு நமக்குத் தெரியட்டும் என்று நிறுத்தப்பட்டவர்கள். கரை சேர்ந்த புதிதில் சாமான் இறக்கும் வேலை தலைக்கு மேல் இருந்த நாட்களில், இரண்டு அறிவியலாளர்களைக் குகைக்குள் நிற்க வைத்திருக்கிறார். குழுவினர் இப்படிப் படத்துக்காக நின்று காத்திருப்பதற்கு அவருடைய பெயரையே வினைச்சொல்லாக்கிக் கேலி செய்தார்கள். அமைத்து எடுத்தது என்பதால் படம் பொய்யாகிவிடாது. ஆனால் எது தானாக நிகழ்ந்தது, எது நிறுத்தி எடுக்கப்பட்டது என்று பிரித்தறியாமல் ஒரு ஒளிப்படத்தை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது. கல்வெட்டை வாசிப்பவர் அதை வெட்டச் சொன்னது யார் என்று கேட்பதைப் போலத்தான் இதுவும்.

அதே நாளில்தான் பான்டிங் உயிர் தப்பினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. கரையோரப் பனித்தட்டில் கட்டியிருந்த நாய்களுக்கு அருகே கொலைத் திமிங்கிலங்கள் வந்தன. படமெடுக்கக் கேமராவுடன் ஓடினார். அடியிலிருந்து அவை மோதியதில் பனித்தட்டு துண்டு துண்டாக உடைந்தது. துண்டுக்குத் துண்டு தாவிக் கரை சேர்ந்தார். அப்போது கேமராவையும் கைவிடவில்லை.

மூன்றாவது படத்தில் கப்பல் இல்லை. ஒரு மேசை, மூன்று மனிதர்கள், கோப்பைகள். 1911 ஆகஸ்ட் 1. பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடித் துருவக் குளிர்கால இருட்டில் கேப் குரோசியருக்கு ஐந்து வாரம் நடந்து போய் வந்த வில்சன், பவர்ஸ், செரி-கெரார்ட் ஆகியோர் திரும்பிய அன்று எடுத்தது. அவர்கள் சந்தித்த குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. இதை எந்த வகையிலும் பான்டிங் அமைக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். அந்த முகங்களை அமைக்க முடியாது.

இந்தியாவிலிருந்து சென்றவர்கள்

மேலே சொன்ன மூவரில் நடுவில் வரும் ஹென்றி ராபர்ட்சன் பவர்ஸ், ராயல் இந்தியன் மரீன் என்ற அன்றைய இந்தியக் கடற்படைப் பிரிவின் அதிகாரி. 1905இல் அதில் சேர்ந்து பர்மாவின் ஐராவதி ஆற்றிலும் பாரசீக வளைகுடாவிலும் பணியாற்றியவர். அங்கிருந்துதான் ஸ்காட்டிடம் வந்தார். டெரா நோவாவின் சரக்குகள் எங்கே அடுக்கப்பட்டன என்பதெல்லாம் அவர் தலைக்குள் கணக்காக இருந்ததாம். லாரன்ஸ் ஓட்ஸ், இன்னிஸ்கில்லிங் டிராகூன்ஸ் என்ற குதிரைப்படைப் பிரிவின் அதிகாரியாக மாவ் பாளையத்தில் இருந்தவர். அம்பேத்கர் பிறந்த அதே மாவ்தான். இன்று அது மத்தியப் பிரதேசத்தின் டாக்டர் அம்பேத்கர் நகர்.

மூன்றாமவர் ஜார்ஜ் கிளார்க் சிம்ப்சன். 1906இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து சிம்லாவில் பணிபுரிந்தவர். இடி மின்னலின் மின்னேற்றத்தை ஆராய்ந்தவர். கேப் எவன்ஸ் குடிலின் ஒரு மூலை முழுவதும் அவருடைய கருவிகள் நிறைந்திருந்தன. அவர் வானிலைப் பலூனைப் பறக்கவிடும் காட்சியை பான்டிங் எடுத்திருக்கிறார். 1912இல் இந்தியப் பணிக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் டெரா நோவாவிலேயே புறப்பட்டார். வானிலைப் பதிவை ரைட் ஏற்றுக்கொண்டார். சிம்ப்சன் எழுதிய அண்டார்க்டிகா வானிலை ஆய்வு நூல் 1919இல் எங்கே அச்சாயிற்று தெரியுமா? கல்கத்தாவில், தாக்கர் ஸ்பிங்க் நிறுவனத்தில். தென் துருவத்தின் வானிலையை உலகுக்குச் சொன்ன முதன்மை நூல்களில் ஒன்று வங்காளத்து அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அவர் சேர்த்த அளவீடுகளை அமெரிக்க வளிமண்டல அறிவியலாளர் சூசன் சாலமன் 2001இல் மீண்டும் ஆராய்ந்து, 1912 மார்ச் மாதம் அப்பகுதிக்கு வழக்கத்தைவிடக் கடுங்குளிராக இருந்தது என்று காட்டினார். ஸ்காட் குழுவின் சாவைப் பற்றிய விவாதத்தில் அது முக்கிய வாதமாயிற்று.

இங்கே எங்கள் மாவட்டம் வருகிறது. சிம்ப்சன் பணியாற்றிய துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர். 1899 முதல் கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் அதே வானிலைத் துறையின் கீழ்தான் இயங்கியது. சென்னையிலிருந்து பழனி மலைக்கு இடம் மாறிய அந்த ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைத் தினமும் ஒளிப்படம் எடுத்து வந்தார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தது அங்கேதான். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. பான்டிங்குக்கும் கொடைக்கானலுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகச் சொல்ல வரவில்லை. ஆனால் 1911இல் ஒருவர் கேப் எவன்ஸில் பனியை உருக்கித் தகடு கழுவிக்கொண்டிருந்த அதே நாட்களில், திண்டுக்கல் சமவெளிக்கு மேலே 2,300 மீட்டர் உயரத்தில் வேறு சிலர் சூரியனின் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானல் தகடுகள் இன்று இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தால் எண்ணிம வடிவாக்கப்பட்டு உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

எல்லாத் தகடுகளுக்கும் அந்தப் பேறு கிடைப்பதில்லை. எங்கள் பகுதியில் பழைய ஸ்டுடியோ ஒன்றை மூடியபோது, கண்ணாடி நெகட்டிவ்கள் கட்டுக்கட்டாகப் பழைய சாமான் கடைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை கல்யாணங்கள், எத்தனை பள்ளிக் குழுப் படங்கள்!

கோவேறு கழுதைகள்

இந்தியாவிலிருந்து மனிதர்கள் மட்டும் போகவில்லை. மட்டக் குதிரைகளின் நிலையைக் கண்ட ஓட்ஸ், இரண்டாம் ஆண்டுக்கு இந்திய ராணுவத்தின் இமயமலைக் கோவேறு கழுதைகளை வரவழைக்கலாம் என்று யோசனை சொன்னார். இந்திய அரசு ஏழு கழுதைகளை வழங்கியது. 1912 தொடக்கத்தில் டெரா நோவா அவற்றைக் கொண்டுவந்து இறக்கியது. அவற்றின் பெயர்கள்: லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப். துருவத்தில் ஒலித்த இந்தியப் பெயர்கள் இவை. குறித்த தீவனத்தை ஒதுக்கிவிட்டுத் தேயிலைச் சக்கை, புகையிலைச் சாம்பல், கயிறு என்று கண்டதையெல்லாம் தின்றனவாம்.

அவை வந்து சேர்ந்த அதே கப்பலில் 1912 மார்ச்சில் பான்டிங் ஊர் திரும்பிவிட்டார். ஆகவே கழுதைகள் செய்த பெரிய வேலைக்கு அவருடைய படம் எதுவும் இல்லை. அந்த வேலை என்ன? 1912 அக்டோபர் இறுதியில் ஸ்காட்டைத் தேடி மருத்துவர் அட்கின்சன் தலைமையில் புறப்பட்ட குழுவின் சுமைகளை இழுத்தவை இந்தக் கழுதைகளே. நவம்பர் 12 அன்று பனியில் பாதி புதைந்த கூடாரத்தை முதலில் கண்டவர் கழுதைகளுடன் சென்ற ரைட். உள்ளே ஸ்காட், வில்சன், பவர்ஸ் ஆகியோரின் உடல்கள். உணவுக் கிடங்கு அங்கிருந்து 11 மைல் தொலைவில் இருந்தது. ஓட்ஸ் சில நாட்களுக்கு முன்பே கூடாரத்தை விட்டுப் பனிப்புயலுக்குள் நடந்து போய்விட்டார். எட்கர் எவன்ஸ் பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார்.

தேர்ந்த ஒளிப்படக்காரர் இருந்தவரை குழுவின் பூனைக்கும் நாய்க்கும்கூட அழகான படங்கள் கிடைத்தன. இமயமலையிலிருந்து போன ஏழு பிராணிகளின் கடைசி நடைக்கு மற்ற உறுப்பினர்கள் எடுத்த சில எளிய படங்களே மிச்சம். எதன் படம் புகழ்பெறுகிறது என்பது எது முக்கியம் என்பதைப் பொறுத்ததல்ல. கேமரா அப்போது எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது.

நூல் இழுத்த படம்

பான்டிங் ஊர் திரும்பும் முன் செய்த பேருதவி ஒன்றுண்டு. 1911 குளிர்காலத்தில் ஸ்காட்டுக்கும் பவர்ஸுக்கும் இன்னும் சிலருக்கும் ஒளிப்படக் கலையைக் கற்றுக்கொடுத்தார். தொடக்கத்தில் ஸ்காட் தகடு செருக மறப்பார், மூடியைக் கழற்ற மறப்பார் என்பார்கள்.

1912 ஜனவரி 17 அன்று ஐவர் தென் துருவத்தை அடைந்தனர். நார்வேயின் அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்றே அங்கு வந்து போயிருந்தார். மறுநாள் எடுத்த குழுப்படத்தில் ஓட்ஸ், ஸ்காட், எவன்ஸ் நிற்கிறார்கள். பவர்ஸும் வில்சனும் அமர்ந்திருக்கிறார்கள். படமெடுக்க ஆறாவது ஆள் இல்லை. கூர்ந்து பார்த்தால் பவர்ஸின் கையிலிருந்து ஒரு நூல் கேமராவை நோக்கி வருவது தெரியும். அதை இழுத்துத்தான் படமெடுத்தார்கள். தோற்றுப்போனவர்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்ட படம் அது.

அந்தப் பிலிம் கூடாரத்தில் உடல்களுடன் எட்டு மாதம் பனியில் கிடந்தது. கேப் எவன்ஸுக்குக் கொண்டுவந்து, பான்டிங் விட்டுச் சென்ற அதே இருட்டறையில் புவியியலாளர் ஃபிராங்க் டெபென்ஹம் கழுவினார். உருவங்கள் வந்தன. வகுப்பில் இப்படத்தைக் காட்டி, "இவர்களில் படம் எடுத்தவர் யார்?" என்று கேட்பேன். நூலைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் ஆகும். கண்டுபிடித்தவர் எழுந்து கரும்பலகைக்கு வந்து விரலால் தொட்டுக் காட்டுவார்.

படங்களுக்குப் பின்னர் நேர்ந்தது

1913 ஜனவரி 18 அன்று டெரா நோவா மீண்டும் கேப் எவன்ஸ் வந்தபோது, வெற்றி விருந்துக்கு ஆயத்தமாக வந்தது. கரையிலிருந்து செய்தி வந்ததும் கொடி இறங்கியது. ஜூன் 14 அன்று கப்பல் கார்டிஃப் திரும்பியது.

பான்டிங் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் இப்படங்களோடு போராடினார். உரிமை யாருடையது, வருவாய் யாருக்கு என்ற தகராறுகள் எழுந்தன. சலனப்படத்தின் உரிமையைத் தம் பணத்தில் வாங்கி, 1924இல் "தி கிரேட் ஒயிட் சைலன்ஸ்" என்ற பெயரிலும், 1933இல் ஒலி சேர்த்து வேறு வடிவிலும் வெளியிட்டார். இரண்டும் அவருக்குச் செல்வம் தரவில்லை. 1935இல் பணமுடையோடுதான் இறந்தார். 2004இல் கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனம் 1,700-க்கும் மேற்பட்ட அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களை வாங்கியபோது கொடுத்த விலை ஐந்து லட்சம் பவுண்டுக்கும் மேல். கப்பலை வாங்க ஸ்காட் கொடுத்ததைப்போல நாற்பது மடங்கு! பண மதிப்பின் மாற்றத்தைக் கழித்துத்தான் இதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பான்டிங் இறந்து எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டதால் அவருடைய மூலப் படங்களுக்கு இந்தியச் சட்டப்படி காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. மாணவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். எடுத்தவர் பெயர், கப்பலின் பெயர், நாள் மூன்றையும் எழுதினால் போதும். வண்ணம் தீட்டி உலவும் படங்களை மட்டும் தவிர்ப்பது நல்லது. குகைப் படத்தில் பனி நீலமாக இருந்ததா, பச்சையாக இருந்ததா என்பதைக் கணினி அறியாது.

இந்தியாவின் சொந்தத் துருவப் பயணம் எழுபது ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது. 1981 டிசம்பர் 6 அன்று எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து "போலார் சர்க்கிள்" என்ற நார்வே நாட்டு வாடகைக் கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் கால் வைத்தனர். பிப்ரவரி 21 அன்று கோவா திரும்பினர். அதே பெயரில் 1990இல் நார்வேயில் கட்டப்பட்டுப் பின்னர் பிரிட்டிஷ் கடற்படையில் "எண்டூரன்ஸ்" ஆன கப்பல் வேறு. இணையத்தில் இவ்விரண்டின் படங்களும் மாறி வருவதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

டெரா நோவா பழையபடி நியூஃபவுண்ட்லாந்தின் சீல் வேட்டைக்குத் திரும்பியது. இரண்டாம் உலகப் போரின்போது கிரீன்லாந்தில் இருந்த அமெரிக்கத் தளங்களுக்குச் சரக்கு ஏற்றிச் சென்றது. 1943 செப்டம்பர் 13 அன்று பனியால் சேதமுற்று கிரீன்லாந்தின் தென்கரைக்கு அப்பால் மூழ்கியது. வேலையாட்களை அமெரிக்கக் கடலோரக் காவல் படைக் கப்பல் காப்பாற்றியது. 2012இல் ஷ்மிட் கடலாய்வு நிறுவனத்தின் "ஃபால்கோர்" கப்பல், தன் ஒலியலைக் கருவிகளைச் சோதித்துப் பார்க்கும்போது கடலடியில் ஒரு மேட்டைக் கண்டது. கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். மரக்கப்பல் ஒன்றின் உடைந்த பாகங்கள் தெரிந்தன. நீளத்தை அளந்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, டெரா நோவா என்று உறுதி செய்தார்கள். கப்பலின் முகப்பில் இருந்த பெண் உருவச் சிற்பம் மட்டும் 1913இலேயே கழற்றப்பட்டு கார்டிஃபில் தங்கிவிட்டது. இன்று வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது.